அந்த 48 எண்களை எனக்கு எழுதி அனுப்பு

அன்புள்ள அம்முவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் புது லேப்டாப் வாங்கிய கதையைச் சொன்னாய். "பாஸ்வேர்டு போட்டிருக்கியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே போட்டாச்சும்மா" என்றாய். அப்புறம் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ போட்டது எந்தப் பாஸ்வேர்டு என்று நான் கேட்கவே இல்லை.

என் பழைய லேப்டாப் ஒருநாள் திடீரென்று அடங்கிப்போனது நினைவிருக்கிறதா? நீ அப்போது விடுதியில் இருந்தாய். பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். அடிமூடியைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை உருவி, தன் கணினியில் ஒரு வயரால் செருகினார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையை என் பக்கம் திருப்பி, "பயப்படாதீங்கம்மா, எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார். உன் சின்ன வயதுப் படங்கள், அப்பாவின் மருத்துவ அறிக்கைகள், வங்கித் தாள்களின் நகல்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு நிம்மதி. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் வயிற்றைக் கலக்கியது. அவர் என்னிடம் பாஸ்வேர்டே கேட்கவில்லை.

விண்டோஸ் திறக்கும்போது கேட்கிற பாஸ்வேர்டு, விண்டோஸ் ஓடும்போது மட்டும் வாசலில் நிற்கிற காவல்காரன். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிவிட்டால் அந்தக் காவல்காரனும் இல்லை, வாசலும் இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் வெறும் கோப்புகள். டிஸ்க்கில் எழுதப்படுவதே புரியாத எழுத்தாக இருந்தால்தான் கழற்றியவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இதைத்தான் டிஸ்க் என்கிரிப்ஷன், தமிழில் குறியாக்கம், என்கிறார்கள்.

பெரும்பாலான இடங்களில் இன்று இதற்குப் பயன்படுவது ஏ.இ.எஸ் என்கிற முறை. யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் வடிவமைத்தது. திறந்த போட்டி ஒன்றில் தேர்வாகி 2001-ல் அமெரிக்க அரசின் தரமாக வெளியானது. அது எப்படி வேலை செய்கிறது என்பது உலகத்துக்கே தெரியும், ஒளிவுமறைவே கிடையாது. ரகசியம் சாவியில் மட்டும்தான். கணினி மெதுவாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. 2010 வாக்கிலிருந்தே பிராசசருக்குள் இந்தக் கணக்கைப் போட தனிக் கட்டளைகள் வர ஆரம்பித்துவிட்டன. உனக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படி, மற்றதெல்லாம் இதிலிருந்து தானாகப் புரியும். நீ தட்டுகிற பாஸ்வேர்டால் டிஸ்க் பூட்டப்படுவதில்லை. டிஸ்க்கைப் பூட்டுவது, கணினி தானே உருவாக்கிக்கொண்ட ஒரு நீண்ட எண். உன் பாஸ்வேர்டு அந்த எண்ணைப் பூட்டி வைத்திருக்கும் சின்னப் பெட்டிக்கான சாவி. அதனால்தான் நாளைக்கே நீ பாஸ்வேர்டை மாற்றினாலும் டிஸ்க் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை, பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். அதே எண்ணை இரண்டு மூன்று பெட்டிகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாவி போடவும் முடியும். மீட்புச் சாவி என்பது அப்படி ஒரு இரண்டாவது பெட்டியின் சாவிதான். நான் உன்னிடம் கேட்கும் 48 எண்கள் அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

"என் லேப்டாப்பில் பிட்லாக்கர் ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கிறதே" என்று நீ சொல்லலாம். விண்டோஸோடு வரும் டிஸ்க் என்கிரிப்ஷன்தான் பிட்லாக்கர். இருக்கும். புது விண்டோஸ் கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே அது தானாக ஆன் ஆகிவிடுகிறது. ஆனால் அதில் சாவியை வைத்திருப்பது நீ இல்லை, டி.பி.எம் என்கிற சிப். பவர் பட்டனை அழுத்தியதும், தொடக்க நிரல்களில் யாரும் கை வைக்கவில்லை என்று பார்த்துவிட்டு, சிப் தானே சாவியை எடுத்துக் கொடுத்துவிடும். டிஸ்க்கை மட்டும் கழற்றினவனுக்கு ஒன்றும் கிடைக்காது, அது சரி. ஆனால் திருடு போவது டிஸ்க் மட்டுமா? முழு லேப்டாப்பும்தானே போகிறது. பூட்டும் அதிலேயே, சாவியும் அதிலேயே.

2024-ல் ஒருவர் இதைச் செய்தே காட்டினார். டி.பி.எம் தனிச் சிப்பாக இருந்த ஒரு பழைய லேப்டாப். சிப்பிலிருந்து பிராசசருக்குச் சாவி போகிற வழியில் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்கிற விரலளவுப் பலகையைத் தொடவைத்து, போகிற சாவியை ஒட்டுக்கேட்டுவிட்டார். 43 விநாடிதான் ஆனது. டி.பி.எம் பிராசசருக்குள்ளேயே இருக்கிற புதிய கணினிகளில் இந்த வித்தை பலிக்காது என்பது உண்மை. ஆனாலும், கேட்காமலே கொடுக்கிற சிப்பை நம்புவதைவிட, நீ 'பின்' என்கிற ரகசிய எண்ணைத் தட்டினால்தான் கொடுப்பேன் என்று அதைச் சொல்ல வைப்பது நல்லது. தொடக்கத்திலேயே, விண்டோஸ் வருவதற்கு முன்னால், ஒரு திரை வந்து பின் கேட்கும். நான் சொல்லும் பாஸ்வேர்டு அதுதான்.

இது நேரடியாகக் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும், ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை. விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரைத் திற. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் என்று இறங்கிக்கொண்டே போ. அங்கே 'ரிக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வரி இருக்கும், அதை எனேபிள் செய். எண் மட்டும் இல்லாமல் எழுத்தும் வைக்க வேண்டும் என்றால் பக்கத்திலேயே 'அலவ் என்ஹான்ஸ்டு பின்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். பிறகு கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கத்துக்குப் போனால், தொடக்கத்தில் எப்படித் திறப்பது என்று மாற்றும் வழி வந்திருக்கும். புது லேப்டாப் என்பதால் பயன்படுத்திய இடத்தை மட்டும் என்கிரிப்ட் செய்தால் போதும். உன் பழைய லேப்டாப்புக்குச் செய்வதாக இருந்தால் முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடு, ஏனென்றால் அழித்த கோப்புகளின் மிச்சம் அதில் கிடக்கும். ஆரம்பிப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துக்கொள், சார்ஜரையும் செருகி வை.

உன் தோழியின் மேக்கில் இதெல்லாம் சுலபம். ஃபைல்வால்ட் என்ற ஒரே பொத்தான், அவளுடைய லாகின் பாஸ்வேர்டே தொடக்கப் பாஸ்வேர்டாகவும் ஆகிவிடும். தம்பி லினக்ஸ் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொல், நிறுவும்போதே லக்ஸ் என்கிற லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷனை டிக் செய்துவிட வேண்டும். பின்னால் சேர்ப்பது தலைவலி. அதில் டிஸ்க்கின் தலைப்பகுதியில்தான் நான் சொன்ன சாவிப் பெட்டிகள் எல்லாம் இருக்கின்றன. அந்த இடம் கெட்டால் சரியான பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. அதை மட்டும் தனியாக நகல் எடுத்து வெளியே வைக்கச் சொல்.

சரி, என்ன பாஸ்வேர்டு வைப்பது? பிட்லாக்கர் பின் வழக்கமாக 6 முதல் 20 இலக்கம் வரை. சில தடவை தப்பாகத் தட்டினால் சிப் தன்னைப் பூட்டிக்கொண்டு காத்திருக்க வைக்கும் என்பதால், நடுத்தர நீளமே போதும். லக்ஸில் பெரும்பாலும் அப்படிச் சிப் எதுவும் நடுவில் இல்லை. டிஸ்க்கைக் கொண்டுபோனவன் தன் கணினியில் இரவுபகலாக ஊகித்துக்கொண்டே இருக்கலாம். அங்கே நீளம்தான் காப்பாற்றும். பகடை உருட்டிச் சொல் எடுக்கும் முறை ஒன்றை ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் என்பவர் 1995-ல் கொண்டுவந்தார். ஐந்து பகடையை உருட்டினால் 7776 சாத்தியங்கள், ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு சொல். இப்படி ஆறு சொற்கள் எடுத்தால் யாராலும் ஊகிக்க முடியாது, உனக்கு ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். மனப்பாடமான செய்யுளின் முதலடியை வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். உனக்கு மனப்பாடம் என்றால் இன்னும் லட்சம் பேருக்கும் மனப்பாடம்.

இதில் நான் பட்ட அவஸ்தை ஒன்று உண்டு. தொடக்கத் திரையில் தமிழ் எழுத்து தட்ட முடியாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்தேன், அதில் ஒன்று கழுகு. மறுநாள் காலையில் உட்கார்ந்தால், ழகரத்துக்கு எந்த எழுத்துப் போட்டேன், கடைசிக் குகரத்துக்கு எந்த எழுத்துப் போட்டேன் என்று ஒன்றும் நினைவில்லை. ஒன்பது விதமாகத் தட்டிப் பார்த்தேன் என்று வைத்துக்கொள். ழ, ள, த, ட எதுவும் வராத சொல்லாகப் பார்த்து எடு. தமிழ்க்காரி ஒருத்தி ழகரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது!

இப்போது மீட்புச் சாவி. போன வருடம் என் லேப்டாப்பின் பயாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் தொடக்க நிரலுக்கு, அப்டேட் வந்தது. யோசிக்காமல் சரி கொடுத்தேன். மறுபடி ஆன் ஆனபோது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டு நின்றது. தொடக்க நிரல் மாறிவிட்டதால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சிப்புக்குச் சந்தேகம். அந்த எண் என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருந்தது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டோ, பூட்டிக்கிடந்த அதே லேப்டாப்பின் பிரவுசரில் இருந்தது. இரண்டு நாள் அப்பாவிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. எங்கோ பழைய டைரியின் ஓரத்தில் பாஸ்வேர்டைக் கிறுக்கியிருந்ததால் தப்பித்தேன். பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்து, தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தால் இவ்வளவும் இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது, இன்றைக்கு உனக்குத் தெரியும்.

திருடனைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. பூட்டு நல்ல பூட்டு. நாமே வெளியே மாட்டிக்கொள்வதுதான் எனக்குப் பயம். மீட்புச் சாவியும் இல்லையென்றால், மறந்த பாஸ்வேர்டுக்கு எந்த நிறுவனமும், எந்த நிபுணரும் வழி சொல்ல முடியாது. அப்படி ஒரு வழி இருந்தால் அது திருடனுக்கும் வழி. ஆகவே அந்த 48 எண்களையும் கையால் தாளில் எழுது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி இருக்கும். கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். எழுதும்போது ஒரு இலக்கம் பிசகினாலும் வகுத்துப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு தாள் உன்னிடம் இருக்கட்டும், ஆனால் லேப்டாப் பைக்குள் மட்டும் வேண்டாம். பையோடு திருடு போனால் கதை முடிந்தது. இன்னொன்றை எனக்கு அனுப்பு. உன் பின் எனக்கு வேண்டாம், அதை நீ சொன்னாலும் கேட்டுக்கொள்ள மாட்டேன். மீட்புச் சாவியாலும் உன் லேப்டாப்பைத் திறக்க முடியும் என்பது எனக்குத் தெரியும், நீயும் அதை யோசித்துக்கொள். என்னிடம் கொடுக்க மனமில்லை என்றால் நீ நம்புகிற வேறு யாரிடமாவது கொடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, அதோடு முடித்துவிடுகிறேன். மூடியை மடக்கிப் பைக்குள் வைக்கும் பழக்கம் உனக்கு உண்டு. அது தூக்கம், அணைப்பு ஆகாது. தூங்கும் லேப்டாப்பின் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், சாவி அப்படியே இருக்கும். 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ராம் சில்லைக் குளிர வைத்தால் மின்சாரம் போன பிறகும் சில நிமிடங்கள் வரை அதிலிருப்பதைப் படிக்கலாம் என்று காட்டினார்கள். அவர்கள் குளிர வைத்தது தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து! பயணத்தின்போது ஷட் டவுன் செய், இல்லையென்றால் ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட்டில் வை. இரண்டிலும் அடுத்த முறை பின் கேட்கும். அப்புறம், திறந்திருக்கும் லேப்டாப்புக்குள் வைரஸ் நுழைந்தால் இந்தப் பூட்டு எதையும் தடுக்காது, வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பதை விட்டுவிடாதே. அந்த வெளி டிஸ்க்கையும் பூட்டு. அதை மறந்துவிட்டு லேப்டாப்பை மட்டும் பூட்டியவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருத்தி.

தாளை அனுப்பும்போது உறையின் மேல் என்ன ஏது என்று எழுதாதே. லேப்டாப் கையில் இல்லாதவனுக்கு அது வெறும் எண்தான், இருந்தாலும் எழுதாதே. வந்ததும் கால்குலேட்டரை எடுத்து எட்டுத் தொகுதியையும் 11-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கிறேன். ஏதாவது ஒன்று மீதி காட்டினால் அன்று ராத்திரியே போன் வரும், எடு.

அன்புடன்,
அம்மா