குழாயடியில் கழற்றி வைக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பேசி இருபத்திரண்டு நாளாகிறது. வாட்ஸாப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. அதை வைத்து உனக்குக் காய்ச்சலா, கோபமா, வேலை நெருக்கடியா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மாவுக்கு முழங்கால் தேவலாம். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அதெல்லாம் இருக்கட்டும்.

அந்த வாட்ச். நீ ஆசையாகப் படம் அனுப்பினாய், நான் "விற்றால் எவ்வளவு தேறும்?" என்று கேட்டுவிட்டேன். நாற்பது வருஷம் டவுன் ஹால் ரோட்டில் வாட்ச் ரிப்பேருக்கு உட்கார்ந்த வாய் அது. கண்ணாடி கீறிப்போன ஹெச்.எம்.டி. ஜனதாவைக் கொண்டுவருகிறவனும் முதலில் அதைத்தானே கேட்பான்.

அப்புறம் நீ அனுப்பிய வீடியோவைப் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தேன். டயல் இல்லை, முள் இல்லை, சாவி கொடுக்கிற திருகுகூட இல்லை. மெஷினே நடுவில் சுற்றி வந்து நிமிஷம் காட்டுகிறது, மணிக்கு ஒரு சுற்று. மேல்வளையத்தைத் திருப்பினால் நேரம் மாறுகிறது, பின்மூடியைத் திருப்பினால் சாவி ஏறுகிறது. 2001இல் உன் வாட்ச்சின் வகையான ஃப்ரீக் முதன்முதலில் வந்தபோதே, ஓட்டத்தை டிக் டிக்கென்று அளந்துவிடுகிற எஸ்கேப்மென்ட் சக்கரங்களைச் சிலிக்கானில் செய்துவிட்டார்களாம், எண்ணெய்த் தொல்லை வேண்டாமென்று. ஊசிமுனையில் எண்ணெய் தொட்டு வைத்தே உன்னைப் படிக்கவைத்தவன் நான். இது என் மேஜைக்கு வந்திருந்தால் எங்கே திறப்பது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்திருப்பேன். பக்கத்துக் கடைக்காரர்களிடம் காட்டினேன். ஒருவருக்கும் மணி பார்க்கத் தெரியவில்லை. என் மகளுக்குத் தெரியும் என்றேன்.

ஆனாலும் இவ்வளவு பணமா, பாப்பா? மாடி கட்டியதற்குக்கூட இவ்வளவு ஆகவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நான் வாங்கினேன்" என்று எழுதியிருந்தாய். முன்பெல்லாம் குக்கர் வாங்கினால்கூட "நாங்கள் வாங்கினோம்" என்றுதான் எழுதுவாய். அம்மா இதைக் கவனிக்கவில்லை. கவனித்தவன் கேட்கவில்லை.

உன் சித்தப்பா மகன் 2022 தொடக்கத்தில், விலை உச்சத்தில் இருந்தபோது, ஒரு ஸ்டீல் ரோலெக்ஸை இரண்டாம் கையாகக் கடை விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கினான். அந்த வருஷமே விலை இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னமும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் லாக்கரில் வைத்திருக்கிறான். ஏறட்டும், ஏறட்டும் என்கிறான். எண்ணெய் உள்ளேயே காயும் என்று சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள்கூட அதில் அவன் மணி பார்த்ததில்லை. அவனோடு பார்த்தால் நீ செய்தது நூறு மடங்கு சரி. கட்டிக்கொள். பஸ்ஸிலும் கட்டிக்கொள், சமையலறையிலும் கட்டிக்கொள். ஆனால் இன்ஷூரன்ஸ் போட்டாயா? வெயிலிலும் காந்தத்தின் பக்கத்திலும் வைக்காதே. கை கழுவும்போது கழற்றாதே, கழற்றினாலும் குழாயடியில் வைக்காதே.

உன் வாட்ச்சைச் செய்தது ஸ்விட்சர்லாந்தில் லெ லொக்ல் என்ற ஊரில் உள்ள கம்பெனி என்று அன்றைக்குப் படித்தேன். யுலிஸ் நார்டின், 1846. அதிலிருந்து தூக்கம் சரியில்லை. நம் பழைய பிவாக் வாட்ச்சும் அந்த ஊர் வழி வந்ததுதான். அதைச் செய்த ஃபேவர் லூபா கம்பெனியின் முதல் தலைமுறை 1737இல் லெ லொக்லில்தான் தொழில் செய்தது.

உனக்கு நினைவிருக்கும். எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கொடுத்துப்போனது. 1962இல் வந்த மாடல். உள்ளே காற்றை எடுத்துவிட்ட சின்ன உலோகப் பெட்டி இருக்கும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், பெட்டி உப்பும், முள் நகரும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் என் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் உயரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாய். வெள்ளி அருவி வந்தபோது கண்டக்டர்கூட "இப்போ எவ்வளவு பாப்பா?" என்று கேட்டார். பஸ்ஸில் வாந்தி எடுக்காதவள் நீ ஒருத்திதான்.

குழாயடி, குழாயடி என்று வாய் ஓயாமல் சொல்கிறேனே, பாப்பா, அது குழாயடியில் தொலையவில்லை.

1993. பம்பாயிலிருந்து பழைய வாட்ச் வாங்குகிற ஒருவர் வந்தார். நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்தார். நமக்கு அப்போது கஷ்டம் எதுவும் இல்லை. அப்படி இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். நல்ல விலை, விற்றேன். அவ்வளவுதான். சாயங்காலம் அம்மா வாட்ச் எங்கே என்றாள். நீ அன்று காலையில் அதைக் கேட்டு வாங்கிக் கட்டிப் பார்த்திருந்தாய். "பாப்பா குழாயடியில் வைத்தாளோ என்னவோ" என்று சொல்லிவிட்டேன். அம்மா உன் முதுகில் இரண்டு வைத்தாள். ராத்திரி நீ சேற்றைக் கையால் அள்ளி அள்ளித் தேடினாய். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு நீ என் கடை மேஜையில் எதையும் தொட்டதில்லை. ஒரு மாதம் கழித்து ஃபிரிட்ஜ் வந்தது. பணம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை நானே போய்த் தபாலில் போடப்போகிறேன்.

நீ எதைத் தொலைத்தாலும் அது உன் தப்பு என்று இந்த வீட்டில் இனி யாரும் சொல்லமாட்டார்கள். பொங்கலுக்கு வா. தனியாக வந்தாலும் சரி. யாராவது ஏதாவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். மாடி காலியாகத்தான் இருக்கிறது, வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டே வா, பெட்டியில் போடாதே. பின்மூடியை எத்தனை சுற்று திருப்பினால் முழுச் சாவி ஏறுகிறது? அதையாவது எழுது.

அப்பா