துடைப்பக்கட்டையால் தட்டினால் மைக் இறங்கிய காலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பி.பி. கிங் படத்தோடு நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் பழைய கருப்பின வானொலி நிலையங்கள் பெரிய கம்பெனிகளிடம் போனதில் என்ன கெட்டுவிட்டது, பாட்டு வந்துகொண்டுதானே இருக்கிறது என்று கேட்கிறார்கள். பாட்டு வருகிறது, வாஸ்தவம்தான். ஆனால் ஊரோடு இருந்த ஒட்டுதல் போய்விட்டது.

மெம்பிஸ் நகரத்து டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1947ல் அதைத் தொடங்கிய ஜான் பெப்பர், பெர்ட் ஃபெர்குசன் இருவரும் வெள்ளைக்காரர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முதலாளியின் நிறம்தான் எல்லாம் என்று நான் வாதாட வரவில்லை. நிலையம் தள்ளாடியபோது, 1948ல், நாட் டி. வில்லியம்ஸ் என்ற கருப்பினப் பள்ளிக்கூட வாத்தியாரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். சொல்ல வந்தது மறந்துபோய் மனுஷர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பிலேயே ஒலிபரப்பு தொடங்கியது, பின்னால் அதுவே அவருடைய அடையாளமும் ஆனது. அடுத்த வருஷத்திலேயே மொத்த நிகழ்ச்சியும் கருப்பின மக்களுக்கென்று மாறியது. பின்னால் பெரிய ப்ளூஸ் பாடகரான பி.பி. கிங் அங்கே பாட்டுப் போட்டவர்தான். எல்லாம் லாபத்துக்காகச் செய்ததே, சரி. ஆனால் தொலைந்த சாமான், காணாமல் போன ஆள், சர்ச் விசேஷம் என்று ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பியதையெல்லாம் அந்த நிலையத்தில் வாசித்தார்கள். உடல் ஊனமுற்ற கருப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அதன் நிதியிலிருந்து பஸ் கொடுத்தார்கள். முதலாளி அதே ஊரில் நடமாடுகிறவர், தெருவில் எதிரே வருகிறவர் நிறுத்திக் கேட்பாரே!

அட்லாண்டாவில் இன்னும் நெருக்கம். 1949ல் ஜெஸ்ஸி பிளேட்டன் வாங்கிய டபிள்யூ.இ.ஆர்.டி.தான் கருப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் நிலையம். அதற்குக் கீழ்த்தளத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இருந்தது. அவசரமாக மக்களிடம் பேசவேண்டுமென்றால் அவர் துடைப்பக்கட்டையால் மேல்கூரையைத் தட்டுவாராம், மேலேயிருந்து ஜன்னல் வழியாக மைக்கை இறக்கிவிடுவார்களாம். அனுமதி கேட்க அடுத்த மாநிலத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலையத்தில் இதெல்லாம் நடக்குமா?

1996ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதற்கு முன் நாடு முழுக்க ஒரு கம்பெனி 40 நிலையங்கள்தான் வைத்துக்கொள்ளலாம். அந்த உச்சவரம்பு போனதும் சில வருஷத்திலேயே கிளியர் சேனல் என்ற கம்பெனி 1,200க்கும் மேல் சேர்த்துவிட்டது. அதுதான் இன்றைய ஐஹார்ட்மீடியா, டபிள்யூ.டி.ஐ.ஏ.வும் அதனிடம்தான் இருக்கிறது. 2017ல் நிலையம் இருக்கிற ஊரிலோ பக்கத்திலோ ஸ்டூடியோ வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். வேறெங்கோ முன்கூட்டியே பதிவு செய்த குரல், உள்ளூரில் பேசுவதுபோலவே கேட்கும். புயல் வந்தால் அந்தக் குரலுக்குத் தெரியவா போகிறது?

உள்ளூர்க்காரர் கையில் இருந்தால் எல்லாம் சுகம் என்றும் சொல்லமாட்டேன். நியூயார்க்கில் பெர்சி சட்டன் குழுவினர் 1971ல் டபிள்யூ.எல்.ஐ.பி. நிலையத்தை வாங்கி, அந்த நகரத்துக் கருப்பின மக்களின் பேட்டையான ஹார்லெமின் குரலாக வளர்த்தார்கள், கடைசியில் கடன் தின்றுவிட்டது, 2011ல் திவால். பாசம் இருந்தால் போதாது, பணமும் வேண்டும்.

அதற்கும் ஒரு வழி இருந்ததே! சிறுபான்மையினருக்கு நிலையத்தை விற்பவர், விற்ற லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போடலாம் என்று 1978ல் சலுகை வந்தது. 1995ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பி.பி. கிங் படத்தோடு நிறுத்திவிடாமல் இந்த வரி விஷயத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்