போர் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு: ஸ்டென் துப்பாக்கியின் விளக்க அட்டை குறித்து

மதிப்பிற்குரிய காப்பாளர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் நான் பார்த்த ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் இருந்த, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் இயந்திரக் கைத்துப்பாக்கியான ஸ்டென்னின் அடியில் ‘மலிவானது, நம்பத்தகாதது’ என்ற பொருளில் இரண்டு வரிகள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. தகட்டு வேலைப் பட்டறையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்த இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் துப்பாக்கியில் பழுது எந்த இடத்தில் இருந்தது என்பதையும் அட்டையில் எழுதுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

1940இல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் தளவாடங்களைப் பறிகொடுத்துத் திரும்பிய பிரிட்டிஷ் படைக்கு, அமெரிக்காவிலிருந்து பெரும் விலைக்கு வாங்கிய தாம்சன் துப்பாக்கிகள் கட்டுப்படியாகவில்லை. ஷெப்பர்ட், டர்பின் என்ற இருவர் 1941இல் உருவாக்கிய ஸ்டென், அந்த நெருக்கடிக்கு என்றே பிறந்தது. அதன் இரண்டாம் வகை ஏறத்தாழ மூன்று கிலோ எடைதான். குழாயும் அச்சில் அழுத்திய தகடுகளும் வெல்டிங்கும்தான் அதன் உடம்பு. கடைசல் வேலை மிகக் குறைவு என்பதால் சிறு பட்டறைகளும் அதன் உறுப்புகளைச் செய்து தந்தன. மூன்றாம் வகையைச் செய்தது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மை நிறுவனம். இதைக் கேட்டுப் பலர் சிரிக்கிறார்கள். தகட்டை அழுத்தி வளைத்து ஒட்டும் தொழிலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? எதிரியிடம் கைப்பற்றிய 9 மி.மீ. தோட்டாவையே போட்டுச் சுடலாம், கழற்றிப் பைக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்பதால், ஜெர்மானியர் பிடியிலிருந்த நாடுகளின் தலைமறைவுப் போராளிகளுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. போலந்திலும் டென்மார்க்கிலும் அதைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். 1945இல் ஜெர்மானியரே அதைத் தழுவி எம்.பி. 3008 என்ற துப்பாக்கியைச் செய்தார்கள் என்பதைவிட வேறு நற்சான்று வேண்டுமா?

இனிப் பழுதுக்கு வருகிறேன். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தோட்டாப் பெட்டியின் வாயை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு வரிசையாக அடுக்கப்படும் தோட்டாக்கள் மேலே வரும்போது ஒரே வரிசையாக நெருக்கப்படுகின்றன. அந்த வாயின் மெல்லிய உதடு சற்றே நெளிந்தாலோ, உள்ளே மண் புகுந்தாலோ தோட்டா கோணலாக ஏறிச் சிக்கிக்கொள்ளும். 32 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியில் வீரர்கள் 30க்கு மேல் போடத் தயங்கியது இதனால்தான். போதாக்குறைக்கு, அந்தப் பெட்டியையே கைப்பிடியாகப் பற்றிச் சுட்ட பழக்கம் அது பொருந்தும் இடத்தைத் தளர்த்திவிட்டது.

மற்றொன்று இதைவிடக் கொடியது. தோட்டாப் பெட்டி மாட்டிய துப்பாக்கி, அதன் பின்கட்டை தரையில் மோத விழுந்தால், தோட்டாவைத் தள்ளிச் சுடும் கனமான இரும்புத் துண்டான போல்ட் அதிர்ச்சியில் பின்னே போய், விசையில் மாட்டிக்கொள்ளாமலே முன்னே பாய்ந்து, யாரும் விசையை அழுத்தாமலே குண்டைச் சுட்டுவிடும். அந்தப் போல்ட்டை முன்நிலையிலேயே பூட்டிவைக்கும் வசதி பிற்பாடுதான் சேர்க்கப்பட்டது; தன் பக்கத்துத் துப்பாக்கிக்கே பலியானவர்களுக்கு அது உதவவில்லை. ‘நம்பத்தகாதது’ என்ற சொல்லுக்குள் இந்தச் சாவுகள் அடங்கமாட்டா.

பிராகாவின் கதையை நீங்கள் சொல்லாமல் விடப்போவதில்லை என்பது தெரியும். 1942 மே 27 அன்று, செக் நாட்டை அடக்கி ஆண்ட நாஜி அதிகாரி ஹைட்ரிக்கின் கார் முன் நின்று, செக்கோஸ்லோவாக்கிய வீரர் கப்சிக் குறிபார்த்தபோது ஸ்டென் சுடவில்லை. அவருடைய தோழர் கூபிஷ் வீசிய குண்டில் காயமுற்ற ஹைட்ரிக் ஜூன் 4 அன்று இறந்தார். அது ஏன் சுடவில்லை என்பதற்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட விளக்கங்களே கிடைக்கின்றன. ஆகவே அந்த ஒற்றை நிகழ்வைக் கொண்டு, ஏறத்தாழ 40 லட்சம் செய்யப்பட்ட ஓர் ஆயுதத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

தங்களிடம் உபரியாகத் தோட்டாப் பெட்டி ஒன்று இருந்தால், அதைத் தனியே எடுத்து, வாய்ப்பக்கம் பார்வையாளரை நோக்கி இருக்குமாறு துப்பாக்கியின் அருகில் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தகட்டுப் பட்டறைத் தொழிலாளி ஒருவன்