கூட்டத்தை அமாவாசைக்கு வைக்காதீர்கள்

கடற்கரைக்கான காலநிலைத் திட்டம் எழுதும் அதிகாரிகளுக்கும், அதற்காக எங்கள் கடலை அளந்து போகும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று கேள்வி கேட்டார். உங்களுக்கு நினைவிருக்காது. அவர் என் அம்மா. பாம்பன் பக்கம் நாற்பது வருடமாகக் கடலில் இறங்கிக் கடற்பாசி எடுப்பவர்.

அன்று அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் இந்தப் பன்னிரண்டு நாள்தான் எங்கள் பெண்கள் பாசிக்குப் போவார்கள். கடல் நன்றாக வற்றுவது அப்போதுதான். அந்த நாட்களில் ஒன்றைப் பார்த்து நீங்கள் கூட்டம் வைத்தீர்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கடலில். அம்மா மட்டும் அன்றைய வருமானம் போனாலும் பரவாயில்லை என்று வந்தார். திரையில் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் படம் ஓடியது. அதில் ஒரு வரைபடம் வந்தது. எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் சிவப்பு அடித்திருந்தது. "இந்தச் சிவப்பு என்னது சார், கடல் ஏறுமா, இல்ல எங்களைக் கிளப்பப் போறீங்களா?" என்று அம்மா கேட்டார். "அது டெக்னிக்கல் விஷயம்மா, அப்புறம் சொல்றோம்" என்றார் பேசியவர். அப்புறம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். சிவப்பு என்னவென்று இன்று வரை யாரும் சொல்லவில்லை.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பேனா பிடிக்க வராது. படிக்காததால் அல்ல, எட்டாவது வரை படித்தவர். பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் வெட்டு. துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார். காலுக்குப் பழைய செருப்பின் அடியைக் கயிற்றால் கட்டிக்கொள்வார். கரையேறித் துணியை அவிழ்த்தால் விரல்கள் ஊறி வெளுத்து, வெந்த கிழங்குத் தோல் மாதிரி இருக்கும். அந்த விரலால் போட்ட கையெழுத்துதான் உங்கள் அறிக்கையில் "உள்ளூர் மக்களுடன் கலந்தாலோசிக்கப்பட்டது" என்ற வரியாகப் போகப்போகிறது.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளும் கடலுக்குள் போய்விட்டன. மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவு என்று இன்றும் எழுதுகிறோம், இந்த இரண்டையும் சேர்த்து. பாறை போனால் தீவு நிற்காது என்று ஆய்வாளர்கள் எழுதியிராவிட்டால் இன்னும் எத்தனை போயிருக்குமோ. 1986-இல் தேசியப் பூங்கா வந்ததிலும், 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்ததிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. 2016 கோடையில் பாறைகள் வெளுத்தபோது ஏன் என்று எங்களுக்குப் புரிய வைத்ததும் அறிவியல்தான். தண்ணீரின் சூடு வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றாலே, பவள உயிர் தனக்குள் இருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குச் சோறு போடுவதே அந்த நுண்பாசிதான். பிறகு பட்டினி. அந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் நிற்க முடியவில்லை என்று சித்திரையிலேயே அம்மா சொன்னார். எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார். ஆனால் எந்தப் பாறை முதலில் வெளுத்தது என்று கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கப்பாபைக்கஸ் பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாசி. ஆராய்ச்சிக்கூடம் வழியாகத்தான் மண்டபத்துக் கடலுக்கு வந்தது. 2005-இல் மாநில அரசு அதை எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. 2008-இல் அது குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2023-இல் இதே மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பாசி கரியமில வாயுவை உறிஞ்சும், பெண்களுக்கு வருமானம் தரும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எந்த ஆய்வை எடுப்பது, எந்த ஆய்வை அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்தது யார்? வந்த பாசிக்குப் பூங்கா. இங்கேயே பிறந்த பாசியைக் கையால் கிள்ளப் போகும் அம்மாவைத் தீவுப் பக்கம் கண்டால் காவலுக்கு வந்தவர்கள் சாக்கைப் பிடுங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால் "ஆராய்ச்சியில் சொல்லியிருக்கிறது."

எந்த ஆராய்ச்சி? அதைத்தான் கேட்கிறோம். முடிவெடுக்கும் முன்னால் அதைத் தமிழில் எங்கள் ஊரில் வைத்து வாசியுங்கள்.

இத்தனைக்கும் சுரண்டும் கருவியை விட்டுவிட்டுக் கையால் மட்டும் எடுப்பது, மாதம் பன்னிரண்டே நாள் போவது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி நாற்பத்தைந்து நாள் கடல் பக்கமே போகாமல் இருப்பது, இதெல்லாம் பாசிப் பெண்கள் தாங்களாகவே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. எந்த அரசாணையும் இல்லை. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று 1983-லேயே சட்டம் இருக்கிறது. அந்த மூன்று மைலை அளக்க மட்டும் இன்னும் கருவி வரவில்லை போலிருக்கிறது. ஒரு பெண்ணின் சாக்கை எடைபோடத் தராசு உடனே கிடைக்கிறது.

சரி, அது பெரிய கதை. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தமிழில் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல் தகவல் சேவை மையம் கணிக்கும் அலை உயரமும், காற்றே இல்லாமல் திடீரென்று கரையேறும் கள்ளக்கடல் அலை பற்றிய எச்சரிக்கையும் எங்கள் கைக்குத் தமிழில் வருகின்றன. பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 என்று மீனவருக்காக ஒரு வானொலி இருக்கிறது. காற்று எச்சரிக்கையைக் கேட்டுப் படகை இழுத்துக் கட்டத் தெரிந்தவர்களுக்கு, வரைபடத்தின் சிவப்பைச் சொன்னால் புரியாதா?

எனவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கரைக்கென்று எழுதும் ஆய்வையும் அதை வைத்து எழுதும் திட்டத்தையும், கையெழுத்தாகும் முன், தமிழில் எங்கள் ஊரில் வாசியுங்கள். நாங்கள் மறுத்துச் சொல்வதையும் அதே அறிக்கையில் எழுதுங்கள். "கள ஆய்வில் தெரியவந்தது" என்று போடும் இடத்தில், அந்த இடத்தைக் காட்டியவர்கள் பாசிப் பெண்கள் என்று போட்டால் இன்னும் நல்லது.

நாள் குறிப்பதற்கு ஒரு யோசனை. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். எங்களுக்கு அன்றுதான் வசதி, அன்று பாசிக்குப் போவதில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடி இருக்கிறது. ஐம்பது பேர் உட்காரலாம். டீ எங்கள் செலவு. வரும்போது அந்த வரைபடத்தையும் எடுத்து வாருங்கள். சிவப்பு என்னவென்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்துப் பாசிக்காரி ஒருவரின் மகள்