ஓவியத்திலிருந்து இசை: ஜோடி சேர அழைப்பு

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த சுற்றுக்கான ஓவியங்களைக் குழுவில் போட்டாயிற்று. இசையமைப்பவர் ஒருவர், வாசிப்பவரோ பாடுபவரோ ஒருவர் என ஜோடி சேர்ந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே படத்தை இரண்டு ஜோடிகள் எடுத்தாலும் சரி.

ஒரு வேண்டுகோள். படத்தில் மழை என்றால் மழைச் சத்தம், பறவை என்றால் புல்லாங்குழல் என்று உடனே இறங்கிவிடாதீர்கள். கண் முதலில் எங்கே போகிறது, எதைக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பாருங்கள். 1909இல் அரங்கேறிய ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் ‘இறந்தோர் தீவு’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசை இதற்கு நல்ல பாடம். அதற்குத் தூண்டுதலாக இருந்த, சுவிஸ் ஓவியர் பியோக்லின் வரைந்த ஓவியத்தில் ஒரு சிறு படகு தீவை நோக்கிப் போகும். ரஹ்மானினோவ் அதன் துடுப்பசைவை ஐந்து எண்ணிக்கையில் வைத்தார். நம் கண்ட சாப்புத் தாளம் போல இரண்டும் மூன்றுமாகப் பிரிவதால் அலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். அவர் முதலில் பார்த்தது வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி. பிறகு வண்ண மூலத்தைப் பார்த்து அவ்வளவாக ரசிக்கவில்லையாம்! ஆகவே கைபேசித் திரையில் பார்த்தாலும் பரவாயில்லை.

இசையமைப்பவர்கள் முழுக்க எழுதி நீட்ட வேண்டாம். வாசிப்பவர் மாற்றிப் பார்க்க இடம் விடுங்கள். போன முறை நன்றாக வந்தவை எல்லாம் அப்படி வந்தவைதான்.

பதிவுகளை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், ஒலித்தரம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். அப்புறம், ஓவியரிடம் கேட்காமல் படத்தோடு சேர்த்து யூடியூபில் ஏற்ற வேண்டாம். ஜோடிப் பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.