அன்னைக்கு ராத்திரி எண்ணூர் ரோட்டில்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. உன் பையன் இங்கே கால் டாக்சி ஓட்ட வந்திருக்கிறான், அதுவும் ராத்திரி வண்டி என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

போன ஆடியில் என் அக்கா பையன், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு, நின்றுகொண்டிருந்த ட்ரெய்லருக்குப் பின்னால் காரைக் கொண்டுபோய் மோதிவிட்டான். துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்குமே, அந்தக் கன்டெய்னர் வண்டிதான். தொடை எலும்பு முறிந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தான். வந்து பார்த்தவர்கள், ஸ்டேஷனில் எழுதியவர், எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "பின்னாடி போய் இடிச்சவன் மேலதானே தப்பு?"

அப்படி ஒரு சட்டமே கிடையாது மச்சான். ராத்திரியில் ரோட்டில் நிற்கிற வண்டிக்குப் பார்க்கிங் லைட் எரிய வேண்டும். நடுரோட்டில் விளக்கில்லாமல் நின்ற கேஸ் டேங்கர் மீது கார் மோதிய வழக்கில், ஐகோர்ட் தப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, முழுத் தப்பும் டேங்கர் மேல்தான் என்றது. ஆனால் விளக்கு எரியவில்லை என்று நாம் காட்ட வேண்டுமே! விடிந்தால் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடித் தூளையும் பெருக்கிவிடுவார்கள்.

"லைட் போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன்" என்று ட்ரெய்லர் டிரைவர் சாதித்தான். நான் மூலக்கடை மெக்கானிக் ஒருவரை எழுப்பிக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டேன். கார் மோதிய பக்கத்துப் பின் விளக்கு நொறுங்கி, பல்பும் உடைந்து, உள்ளே இழை மட்டும் நூலாகத் தொங்கியது. டார்ச் அடித்தால் வெள்ளி மாதிரி பளபளத்தது. அவர் சொன்னார்: எரிகிற பல்பு உடைந்தால் சூட்டு இழையில் காற்று பட்டுக் கருகிவிடும், மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும், இது அணைந்து கிடந்த பல்பு. எல்.இ.டி. விளக்காக இருந்திருந்தால் இந்த வழியே இல்லை. நான் கழற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டார். நாமே எடுத்தால் நாமே மாற்றிவிட்டோம் என்பார்களாம். போட்டோ மட்டும் எடுத்து, எஸ்.ஐ.யிடம் கெஞ்சி, மகஜரில் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பட்டியல்) எழுதிக் கைப்பற்ற வைத்தோம்.

போட்டோவிலும் ஒரு பாடம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில், ட்ரெய்லரின் பின்னால் ஒட்டியிருந்த, வெளிச்சம் பட்டால் மின்னுகிற அழுக்கேறிய சிவப்பு ஸ்டிக்கர் ஜொலிக்கிறது. நேரில் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஃபிளாஷ் இல்லாமலும் நாலு படம் எடுத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

எதிரே டீக்கடை கேமராவில் ட்ரெய்லர் இருட்டாக நிற்பது பதிவாகியிருந்தது. பதினைந்து நாள் போனால் அதுவே அழித்து அதன்மேல் எழுதிவிடும். கேமராவின் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடியது. திரையையும் என் போன் மணியையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துக்கொண்டேன். 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி அந்தப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டோம். கோர்ட்டு என்றதும் பயந்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். அவருக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டவன்.

கோட்டைவிட்ட இடம் ஆஸ்பத்திரி. தூக்கி வந்த புண்ணியவான் பதற்றத்தில் "தடுப்புச் சுவர்ல மோதிட்டான்" என்று சொல்ல, ஏ.ஆரில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், அதுவே ஏறிவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர்கள் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள்.

அவனும் வேகமாகத்தான் வந்திருக்கிறான், உன்னிடம் மறைக்கவில்லை. பிரேக் தடம் ட்ரெய்லருக்குச் சில அடி முன்னால்தான் தொடங்குகிறது. நஷ்டஈட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் அவன் பங்குக்கு உள்ளதைக் கழிக்கட்டும். அடுத்தவன் பங்கையும் சேர்த்து அவன் தலையில் கட்டினால்தான் வயிறு எரிகிறது. ஆறு மாசக் கெடுவுக்குள் நஷ்டஈடு கேட்டு மனு போட்டாயிற்று, வாய்தா ஓடுகிறது. கம்பு ஊன்றி நடக்கிறான்.

உன் பையனை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வரச் சொல். சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கூடப் போகிறேன். வண்டிகள் எங்கெங்கே இருட்டில் நிற்கின்றன என்று அவனுக்குக் காட்ட வேண்டும். காருக்கு முன்னால் ஒரு கேமராவும் மாட்டச் சொல், காசு நான் தருகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
தண்டையார்பேட்டை மச்சான்