பழைய வேகப்படகைப் புதிதாகக் கட்டுகிறவர்களிடம் எடையையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அறுபதுகளின் கடல் பந்தயப் படகுகளை இன்றைய கார்பன் ஃபைபரிலும் புது இயந்திரங்களோடும் திரும்பக் கட்டுகிறார்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள், அதற்கே நன்றி. ஆனால் எடை பாதியாகிவிட்டது, அதனால் படகு இரண்டு மடங்கு நல்லதாகிவிட்டது என்ற தொனியில் எழுதியிருந்த பகுதியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஃபைபர் படகு வார்க்கும் பட்டறைகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழைய படகுகள் அலையில் நன்றாக ஓடியதற்கு அவற்றின் எடையும் ஒரு காரணம். அதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1958-ல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைக்கான பாய்மரப் போட்டிகள் நடந்தபோது, படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வரைந்த 23 அடி மோட்டார் படகு ஒன்று கொந்தளிப்பான நீரில் வேகம் குறையாமல் போவதை பின்னாளில் தன் பெயரிலேயே படகு விற்ற டிக் பெர்ட்ராம் பார்த்தார். அந்தக் காலத்து வேகப்படகுகளுக்கு அணியத்தில்தான் (முன்முனை) கூர்மை இருக்கும், அமரத்துக்கு (பின்முனை) வரும்போது அடிப்பாகம் கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். ஹன்ட் அந்த V வடிவத்தை அணியத்திலிருந்து அமரம் வரைக்கும் ஏறக்குறைய அதே ஆழத்தில் கொண்டுபோனார். சரிவு சுமார் 24 டிகிரி. அடியில் நீளவாக்கில் மெல்லிய வரம்புகள், நீரை வெட்டி வெளியே தள்ளவும் படகைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கவும். பெர்ட்ராம் அதே பாணியில் சுமார் 30 அடியில் ஒரு மரப்படகு கட்டச் சொல்லி, அதற்குத் தன் மனைவியின் செல்லப் பெயரான 'மாப்பி'யை வைத்தார். 1960-ல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோ வரை, சுமார் 160 கடல் மைல், மோசமான கடலில் நடந்த பந்தயத்தில் அந்தப் படகு எட்டு மணி நேரத்தில் போய் ஜெயித்தது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட் வரைந்த 23 அடிப் படகுதான், ஓட்டியவர் ஜிம் வின். அடுத்த வருடமே ஃபைபரில் 31 அடி பெர்ட்ராம் விற்பனைக்கு வந்துவிட்டது. இரண்டு தலைமுறை மீன்பிடிக்காரர்களும் பந்தயக்காரர்களும் அந்தப் படகின் பெயரைச் சொன்னாலே முகம் மலர்வார்கள்.

இனி எடைக்கு வருகிறேன். முப்பது நாட் (கடல் மைல்/மணி) வேகத்தில் போகிற படகு ஒரு அலையின் உச்சியிலிருந்து அடுத்த அலைமேல் விழும்போது நீர் அடியிலிருந்து குத்துகிறது. அந்தக் குத்தை வாங்குகிற உடல் கனமாக இருந்தால் மெதுவாக மேலே எழும், இலேசாக இருந்தால் சட்டென்று தூக்கி எறியப்படும், அவ்வளவுதான் கணக்கு. உள்ளே நிற்கிறவரின் முழங்காலும் முதுகெலும்பும் வாங்குவது அந்தச் சட்டென்ற தூக்கலைத்தான். அதோடு, இலேசான படகு நீரில் குறைவாக அமிழும், அப்போது அந்த வரம்புகளும் பக்க விளிம்பும் ஹன்ட் மாதிரியானவர்கள் கணக்குப் போட்ட இடத்தில் நீரைத் தொடாது. அடிப்பாகத்தின் கோடு அப்படியே இருக்கும், ஆனால் மிதப்பு மாறியிருக்கும். பழைய அச்சில் பாதி எடைக்கு வார்த்தால் கண்ணுக்கு அதே படகு, கடலுக்கு வேறு படகு.

இலேசான படகே கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இலேசாக்கினால் அடிப்பாகத்தையும் திரும்ப வரைய வேண்டும். 31 அடி பெர்ட்ராமின் நினைவாக அதே பெயர்க்காரர்கள் சில வருடங்களுக்கு முன் 35 அடியில் ஒரு படகு கொண்டுவந்தார்கள். வடிவமைப்பாளர் மைக்கேல் பீட்டர்ஸ் அதைப் பழைய அச்சிலிருந்து எடுக்கவில்லை, தோற்றத்தின் சாயலை வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக வரைந்தார். இதுதான் நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டுமான முறையில் வந்திருக்கிற முன்னேற்றத்தை நான் மனதார ஏற்கிறேன், அதைக் கட்டுரை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம் என்றுகூட நினைக்கிறேன். அன்று கையால் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ரோலரால் ரெசின் (இறுகும் பிசின்) உருட்டினால் மொத்த எடையில் கண்ணாடி இழை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், மிச்சம் எல்லாம் ரெசின், அது பலத்தைவிட எடையைத்தான் அதிகம் தரும். இன்று அச்சில் உலர்ந்த இழையை விரித்து, மேலே பை போட்டு மூடி, காற்றை உறிஞ்சிவிட்டு ரெசினை உள்ளே இழுக்கவிட்டால் இழையின் பங்கு அறுபது சதவீதத்தைத் தாண்டும், காற்றுக்குமிழியும் மிகவும் குறையும். பழைய படகுகளில் முதலில் செத்துப்போவது வெளித்தோல் இல்லை, உள்ளே இருக்கிற மரம். அமரப் பலகையில் வைத்த பிளைவுட்டும், நெடுக்குச் சட்டங்களுக்குள் இருக்கும் மரமும், ஒரே ஒரு போல்ட் ஓட்டை சரியாக அடைக்கப்படாததால் உள்ளே ஊறி ஊறி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மாவாகிப் போயிருக்கும். நான் அறுத்துப் பார்த்த படகுகளில் கையால் அள்ளி எடுக்கிற அளவுக்கு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அழுகாத ஃபோமும் எபாக்சியும் (வலுவான ஒரு வகை ரெசின்) வைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அப்படி மிச்சமாகும் எடையைக் கூடுதல் டீசலாகவோ தடித்த அடித்தோலாகவோ திரும்ப அடியிலேயே வைத்துவிடலாம், மேல்தளத்தை மட்டும் இலேசாக்கலாம். கனம் கீழே இருந்தால் படகு நிலையாக இருக்கும். (ஆழமான V படகு நின்ற இடத்தில் பக்கவாட்டில் நன்றாகவே ஆடும், பழைய பெர்ட்ராம் பிரியர்களும் இதை மறுக்க மாட்டார்கள்.)

மரத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஃபேரி மரைன் கம்பெனியில் மெல்லிய மரத் தகடுகளைப் பசையோடு அடுக்கி, பெரிய அழுத்த அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் படகின் உடலைச் செய்தார்கள். விமானம் கட்டியவர்களின் கை அது. அங்கே அலன் பர்னார்ட் வரைந்த 28 அடி ஹன்ட்ஸ்மேன் படகுகள் இன்றும் ஓடுகின்றன. அதே தகடுகளை இன்றைய எபாக்சியில் அறை வெப்பத்திலேயே ஒட்டலாம்.

அப்புறம் இயந்திரம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 31 அடி பெர்ட்ராமில் இரண்டு இயந்திரங்களும் படகின் நடுவை ஒட்டி, பெட்டிக்குள் இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு அமரத்தில் இரண்டு அவுட்போர்டு (படகுக்கு வெளியே மாட்டும் இயந்திரம்) தொங்கவிடுவது இப்போதைய பழக்கம். 300 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்று கிட்டத்தட்ட கால் டன். நடுவில் இருந்த கனம் போய், கடைசி முனைக்கும் வெளியே அரை டன் வந்து உட்காருகிறது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் எழுபதுகளின் ஆழ V படகு ஒன்றை இப்படி மாற்றினோம். உள் மரத்தையெல்லாம் எடுத்து ஃபோம் வைத்து, பளிங்கு மாதிரி முடித்தோம், எனக்கு அவ்வளவு பெருமை. கடலில் இறக்கினால் அணியம் வானத்தைப் பார்த்தது, வேகம் எடுத்ததும் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனது, நின்றால் தளத்து வடிகால் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அடுத்த நாள் முன்பக்கம் மணல் மூட்டைகளை அடுக்கினோம். இரண்டு, நான்கு, ஆறு என்று ஏற்ற ஏற்றப் படகு அடங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பழைய நடை திரும்பியது. நாங்கள் மாதக்கணக்கில் கஷ்டப்பட்டுக் குறைத்த எடையில் ஒரு பகுதியை மணலாகத் திரும்ப ஏற்றியிருந்தோம். எரிபொருள் தொட்டியை முன்னால் நகர்த்தித்தான் அந்த வேலையை முடித்தோம். அன்றிலிருந்து எந்தப் படகைப் பார்த்தாலும் கனத்தின் நடுப்புள்ளி எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய படகின் மேலேயே அச்சு எடுத்து நகல் வார்ப்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக நடக்கிறது. ஃபுளோரிடா மாநிலம் அதைத் தடுத்துச் சட்டம் போட்டது, 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனிடோ போட்ஸ் வழக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. பிறகு 1998-ல் படகு உடல் வடிவத்துக்கென்று அந்நாட்டில் தனிச்சட்டம் வந்தாலும் பாதுகாப்பு பத்து வருடம்தான். ஆக, அறுபதுகளின் வடிவங்களை அங்கே யாரும் எடுக்கலாம். எடுக்கட்டும். ஆனால் ஐம்பது வருடம் தாங்குகட்டையில் தொய்ந்து கிடந்த உடலில் அச்சு எடுத்தால் அந்தத் தொய்வும் சேர்ந்தே நகலாகும். அமரத்தை ஒட்டி அடிப்பாகம் சில மில்லிமீட்டர் கீழே வளைந்திருந்தாலே ஓட்டத்தில் அணியம் அமுங்கும், வேகம் சாகும். லேசர் கருவியால் அளந்து, கோணலை நிமிர்த்தி, அப்புறம் அச்சு செய்யுங்கள் என்று இவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

வடிவம் இலவசம் என்பதால் வரைந்தவரின் பெயரை விட்டுவிடுவதும் நியாயம் இல்லை. உங்கள் கட்டுரையில் இயந்திரக் கம்பெனிகளின் பெயர் இருந்தது, ஹன்ட் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. சோனி லெவி பெயரும் இல்லை. கராச்சியில் பிறந்து, பம்பாயில் படகு வரையத் தொடங்கி, பிறகு இத்தாலிக்குப் போய் உலகப் பெயர் எடுத்தவர் அவர். 1967-ல் இங்கிலாந்தின் கவ்ஸ்–டார்க்கி கடல் பந்தயத்தை ஜெயித்த 'சர்ஃபியூரி' அவர் வரைந்தது. 1986-ல் அட்லாண்டிக்கைச் சாதனை வேகத்தில் கடந்த வர்ஜின் அட்லாண்டிக் சேலஞ்சர் 2 படகிலும் அவர் கை உண்டு. தமிழ் வாசகர்கள் இப்படிப்பட்டவரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்த முறை இந்தப் படகுகளைப் பற்றி எழுதும்போது, கட்டுபவர்களிடம் தயவுசெய்து இவற்றைக் கேட்டு அச்சிடுங்கள்: எரிபொருளும் ஆட்களும் ஏறிய பிறகு படகின் எடை எவ்வளவு, மூலப்படகின் எடை எவ்வளவு, கனத்தின் நடுப்புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எந்த உயர அலையில் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நீங்கள் போட்டிருந்த அதிகபட்ச வேகம் கண்ணாடி மாதிரி நீரில் எடுத்தது என்று அந்தப் புகைப்படத்திலேயே தெரிகிறது.

இப்படிக்கு,
படகு வார்க்கும் ஒரு வாசகர்